சாய மருந்து ஏற்றாத ஒரு மணித்தியாலம்

ஆரையம்பதியில் என் அண்ணனைப் பற்றி ஒரு பகிடி உண்டு: வாவியில் இறால் பிடித்து ஊருக்கெல்லாம் விற்பார், தான் ஒன்று தின்றால் உடம்பெல்லாம் சொறிவார். அது ஒரு ஆஸ்பத்திரிப் படிவத்தில் ஏறும் என்று நாங்கள் நினைத்ததில்லை.

கரையில் வழுக்கி, தோணியின் விளிம்பில் முதுகு அடிபட விழுந்தார். இதய வால்வுக்காக, இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவர். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே இரண்டு கால்களும் விறைக்கத் தொடங்கியிருந்தன. முதல் ஸ்கேனில் முள்ளந்தண்டு வடத்தை ஒட்டி இரத்தம் தேங்கியிருப்பது தெரிந்தது. நின்றுவிட்டதா, இன்னும் கசிகிறதா என்பது தெரியவில்லை. கையில் ஊசி வழியாகச் சாய மருந்து ஏற்றி மறுபடி படம் எடுத்தால்தான் தெரியும். அதைப் பார்த்துத்தான் சத்திரசிகிச்சை என்றார்கள்.

ஸ்கேன் அறையில் இருந்தவர் படிவத்தை நிரப்பினார். "ஒத்துக்கொள்ளாத சாப்பாடு ஏதும் இருக்கா?"

"இறால் திண்டா சொறியும் மகன்," என்றார் மச்சாள், அண்ணனின் மனைவி.

பேனை நின்றது. "அப்ப இந்த மருந்து ஏத்த ஏலாதம்மா. பெரிய டொக்டர் வரட்டும்."

தள்ளுவண்டியில் கிடந்த அண்ணன் சிரித்தார். "இறால் என்ட தோலுக்குத்தான் ஆகாது மனே. முதுகைப் படம் பிடிக்கிறதுக்கு அது என்ன செய்யும்?"

அங்கே கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அது. "யார் சொன்னது?" என்று கேட்டே பத்திரிகையில் சம்பளம் வாங்கிய நான், வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பெரிய டொக்டர் வர ஒரு மணித்தியாலம். படிவத்தைப் படித்துவிட்டு மேசையில் எறிந்தார். "இறாலுக்கும் இந்த மருந்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ரெண்டிலயும் அயடீன் இருக்கு, அதால ஆகாது எண்டது பழைய பிழையான கதை. எத்தின தரம் சொல்றது?"

எத்தனை தரம்! அப்படியானால் எங்களுக்கு முன்பும் ஆட்கள் இப்படிக் காத்துக் கிடந்திருக்கிறார்கள்.

மருந்து ஏற்றினார்கள். முதல் படத்தில், தேங்கிய இரத்தத்துக்குள் அரிசிமணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. சற்றுப் பொறுத்து எடுத்த படத்தில் அது கடலை அளவுக்குப் பரவியிருந்தது. இரத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஓடியிருக்கிறது.

உடனே சத்திரசிகிச்சை செய்தார்கள். வலது கால் திரும்பியது. இடது கால் திரும்பவில்லை. அந்த ஒரு மணித்தியாலம் வீணாகாமல் இருந்திருந்தால்? "சொல்ல ஏலாது," என்றார் சத்திரசிகிச்சை செய்தவர். நேர்மையான பதில்தான். என் ஆத்திரம் ஆறவில்லை.

மறுபரிசோதனைக்கு அண்ணனைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனேன். எங்களுக்கு முன்னால் தன்னாமுனையிலிருந்து வந்த ஒரு பெண். அதே படிவம், அதே மனிதர். "இறால், நண்டு ஒத்துக்கொள்ளுமா?"

அவள் வாய் திறக்குமுன் நான் மேசையருகே போய்விட்டேன். "இதைக் கேக்கச் சொல்லி யார் சொன்னது?"

"இங்க வழமையாக் கேக்கிறதுதான் ஐயா."

பின்னாலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "விடாத தம்பி. கேளு."