ஜெரோமின் ஏரோபாரும் மீசையும்

போன வாரம் சிக்னலில் ஒருவர் சைக்கிளோடு என் பக்கத்தில் வந்து நின்றார். ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு குழாய்கள் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. ஏரோபாராம். அதில் முழங்கையை ஊன்றிக் குனிந்தால் காற்று தடுக்காது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முறைத்தார். அவருக்கு ஜெரோமின் மீசையைப் பற்றி என்ன தெரியும்?

தொண்ணூறுகளின் கடைசி. ராயபுரத்து ஜெரோமும் நானும் தண்டையார்பேட்டையில் ஒரே லேத் பட்டறையில் வேலை. வேலை நேரத்தில் பாதி அவனுக்கு மீசை முறுக்குவதிலேயே போகும். மாதா கோயில் திருவிழா சைக்கிள் ரேஸில் வருஷா வருஷம் மாதவரத்து சேகரிடம் தோற்பான். அந்த வருஷம் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான்: "இந்த தபா தோத்தா மீசைய எட்த்துடறேன்."

கப்பல்காரன் யாரோ விட்டுப்போன பத்திரிகையில் ஏரோபார் படம் பார்த்து, பட்டறையிலேயே குழாய் வளைத்தோம். முதலில் செய்தது முட்டியில் இடித்தது. அடுத்தது தேவலை. முழங்கைக்கு ஹவாய் செருப்பை அறுத்து ஒட்டினோம். பஞ்சர் சொல்யூஷன் வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு அந்தச் செருப்புதான் ஞாபகம் வரும்.

பெடல் சுற்றிப் பார்க்க வசதியாக ஸ்டாண்டைக் கல் மேல் கல் வைத்து ஏற்றி, ஜெரோமை உட்காரவைத்து, ரசமட்டம் பிடித்து நட்டை முறுக்கினோம். "சும்மா கும்முனு கீது மாமு" என்றான். பின்சக்கரம் அந்தரத்தில், சைக்கிள் முன்பக்கம் சாய்ந்து நிற்கிறதே என்று இரண்டு மேதாவிகளுக்கும் உறைக்கவில்லை.

ரேஸ் அன்று, கிளம்புகிற இடமான கல்மண்டபத்தில் தரையில் இறக்கினால் குழாய் வானத்தைப் பார்க்கிறது. ஸ்பேனர் பட்டறையில். விசிலும் ஊதிவிட்டார்கள். குனிந்தால் கூப்பிய கை மூக்குக்கு நேரே நின்று சாலையையே மறைத்தது. மீன்கூடை ஆயா ஒருத்தி, "பாவம், இன்னா வேண்டுதலோ" என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆனால் பாருங்கள், பயல் பறந்தான். மொபெட்டில் பின்னாலேயே போன எனக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. வழியில் சேகரைத் தாண்டினான். திருவொற்றியூரில் சுண்ணாம்பில் போட்டிருந்த எல்லைக் கோட்டையும் முதல் ஆளாகத் தாண்டினான். நிற்கவில்லை. "ஜெயிச்சிட்ட, நில்லுடா" என்று கத்தினேன். உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்து இன்னும் வேகமாக மிதித்தான். மூச்சு வாங்க வந்து சேர்ந்த சேகர் கேட்டான்: "இன்னா நைனா, உன் தோஸ்து எண்ணூர் போறானா?"

எண்ணூருக்கேதான் போயிருக்கிறான். நெடுநேரம் கழித்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். மூக்குக்குக் கீழே வழவழவென்று இருந்தது.

"சேகரு கண்லயே படல மாமு. ஜெயிச்சி வூட்டுக்கே போய்ட்டான்னு நெனச்சேன். அங்கயே ஒரு சலூன் இருந்துச்சி."

சேகர் கோப்பையை எடுத்து அவன் கையில் கொடுத்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டு நின்றவனைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சிரிப்பைத்தான் அடக்க முடியவில்லை. அந்த நேரத்தில் போட்டோவும் எடுத்துவிட்டார்கள்.

இப்போது ரேஸ் கிடையாது. அந்தச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடி. மீசை மட்டும் அந்த வருஷ கிறிஸ்துமஸுக்குள் திரும்ப வந்துவிட்டது. ஜெரோம் வீட்டு ஹாலில் அந்தப் போட்டோ இன்னும் மாட்டியிருக்கிறது. போன மாசம் நான் போயிருந்தபோது அவன் மகள் கேட்டாள்: "கப்போட நிக்கிறது யாருப்பா?"

ஜெரோம் மீசையை முறுக்கிக்கொண்டே சொன்னான்: "மாதவரத்து சேகரும்மா."