ஒரு காசும் பதினான்கு சாவுகளும்

1958 ஜூன் 14, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். காலையிலிருந்து தூறல் விடவில்லை. அல்சூரில் நானும் சித்தப்பாவும் பஸ் ஏறினோம். அவருக்குப் பத்து நயா பைசா டிக்கெட், பதினோரு வயதான எனக்கு அரை டிக்கெட் ஐந்து. நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவர் சட்டைப் பையில், கைக்குட்டையில் முடிந்து, ஒரு பத்துப் பைசாக் காசு இருந்தது.

அந்தக் காசில் சிங்கத் தலையிலிருந்து ஓரம்வரை நூல் போல ஒரு கோடு. கீறல் அல்ல, நகத்தால் தடவினால் மேடாகத் தட்டுப்படும். நான் பதினேழு முறை தடவிப் பார்த்திருக்கிறேன். நான்கு நாள் முன்பு தெருமுனை மளிகைக் கடையில் சித்தப்பா அதைக் கொடுத்தபோது, கடைக்காரர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாபா, உங்க பேக்டரியில நீயே அடிச்சதா?"

கடையில் எங்களைத் தவிர ஆறு பேர். ஆறு பேரும் சிரித்தார்கள். கள்ளக்காசுகளைப் பலகையில் ஆணியடித்து வைப்பது கடைக்காரரின் வழக்கம். சுத்தியலைக் கையில் எடுத்தேவிட்டார். சித்தப்பா காசைப் பிடுங்கிக்கொண்டார்.

"இது சர்க்கார் காசு. புக்குல காட்டறேன், அப்புறம் பேசு."

சித்தப்பாவுக்குத் தகட்டை அழுத்தி டப்பா மூடி செய்யும் பிரஸ் ஷாப்பில் வேலை. கடைக்காரர் சொன்னது அங்கே போய்ச் சேர்ந்தால் வேலைக்கே ஆபத்து என்று மூன்று இரவு தூங்கவில்லை.

ஆனால் எந்தப் புத்தகம் என்று அவருக்குத் தெரியாது. பழைய புத்தகக் கடையில் பார்த்த நாணயப் பட்டியலில் ஆண்டும் விலையும்தான் இருந்தன; கோளாறான காசைப் பற்றி ஒரு வரி இல்லை. மார்க்கெட்டில் பழைய காசு விற்பவர்தான் வழி சொன்னார்: "பட்டியல்ல தேடாத. காசு எப்பிடி அடிக்கறாங்கன்னு புக்கு இருக்கும், அதுல பாரு."

அந்தப் புத்தகம் நூலகத்தில் இருந்தது. வெளியே தர மாட்டார்கள். பேனாவும் கூடாது, வாசலில் ஆறு பைசாவுக்கு ஒரு பென்சில் வாங்கினோம். பேசக் கூடாது என்று மூன்று மொழிகளில் பலகை. சித்தப்பாவுக்குத் தமிழ் மட்டுமே படிக்க வரும். நான் இங்கிலீஷில் எழுபத்திரண்டு மார்க். ஆகவே நான் வாசித்துத் தமிழில் எழுதித் தரவேண்டும் என்று ஏற்பாடு.

நாற்பதாவது நிமிடத்தில் கண்டுபிடித்தேன். படத்தில் அதே மேட்டுக் கோடு. கீழே இரண்டு சொற்கள். இரண்டாவது, விரிசல். முதல் சொல் டி, ஐ, ஈ; அதற்குச் சாவு என்று மூன்றாம் வகுப்பிலேயே படித்திருந்தேன். தயங்காமல் எழுதினேன்:

'இது சாவு விரிசல். சாவில் விரிசல் விழுந்தால் காசில் மேடான கோடு வரும். ஒரே ஆண்டுக் காசில் பல சாவு வகைகள் உண்டு.'

சித்தப்பா இரண்டு முறை படித்தார். சித்திக்கு அப்போது ஒன்பதாம் மாதம்.

வெளியே வந்ததும் கேட்டார்: "சாவுன்னேவாடா போட்டிருக்கு?"

"ஆமா சித்தப்பா. பதினாலு எடத்துல இருக்கு. ஒண்ணுகூட விடல."

திரும்பும் பஸ்ஸிலிருந்து அவர் ஒரு ஸ்டாப் முன்னதாகவே இறங்கி, கோயில் உண்டியலில் காசைப் போட்டார். என் காகிதத்தைக் கிழித்துச் சாக்கடையில் விட்டார். குழந்தை சுகமாகப் பிறந்தது. அதன்பிறகு எங்கள் வீட்டு மளிகை மூன்று தெரு தள்ளி வாங்கப்பட்டது. தெருமுனைக் கடைக்காரர் மட்டும், சித்தப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "இன்னாபா, புக்கு கெடச்சுதா?" என்று குரல் கொடுப்பார்.

1965இல் நான் வேறொரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். முதல் நாள் மேஸ்திரி, உருவம் குடைந்த ஓர் எஃகுக் கட்டியைத் தட்டிக் காட்டினார்.

"இதான் டை. இதுல விரிசல் வுட்டா ஒவ்வொரு பீஸ்லயும் கோடு மேடா நிக்கும்."

ஸ்பெல்லிங் கேட்டேன். டி, ஐ, ஈ என்றார்.

நான் சிறுவனாக இருந்தபோதே மாதத்தில் இரண்டு நாளாவது சித்தப்பா வேலையிலிருந்து தாமதமாக வந்து, "இன்னிக்கி டை கிராக் ஆயிடுச்சு, மாத்தி மாட்டிட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட உட்காருவார். நான் பக்கத்து இலையில்தான் இருப்பேன். அது பேக்டரிச் சொல், புத்தகத்தில் இருந்தது இங்கிலீஷ் சொல் என்று நினைத்திருந்தேன். அந்த இரண்டு சொற்களை இங்கிலீஷில் இருந்தபடியே அவர் காதில் சொல்லியிருந்தால் போதும்.

பஸ்ஸுக்குப் போக வர முப்பது, பென்சிலுக்கு ஆறு, உண்டியலில் பத்து; ஆக நாற்பத்தாறு நயா பைசா. பென்சிலை நான் வைத்துக்கொண்டேன். அதைக் கழித்தால் அவருக்கு நஷ்டம் நாற்பது.