ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு திவானும்

வண்டலூரில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அக்கா வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, மச்சானோடு கொஞ்சம் கிரிக்கெட் பேசிவிட்டுக் கிளம்பினேன். செருப்பை மாட்டும்போது அக்கா வாசல்வரை வந்து, மாமியார் காதில் விழாத குரலில் கேட்டாள்.

"அந்தப் பழைய கேம் பெட்டி இன்னும் ஓடுதாடா?"

"ஓடும்னு நினைக்கிறேன். பரண்ல இருக்கு."

"நினைக்கிறியா? எடுத்துத் துடைச்சு வை. ஏழாவது மாசம் வந்துடுவேன்."

தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான். ஏழாம் மாதம் அழைத்து வந்தால், குழந்தை பிறந்து நாற்பது நாள் முடியும்வரை இருப்பாள். பஸ் வருவதற்குள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டில் சேர்ந்தாற்போல் நான்கு நாள்கூடத் தங்கியதில்லை. இப்போது நான்கு மாதம் கிடைக்கப் போகிறது. அதன் பிறகு வருவாள், போவாள், ஆனால் கையில் ஒரு குழந்தையோடு. இருவரும் தரையில் உட்கார்ந்து அந்தப் பெட்டியில் கார் ரேஸ் ஓட்ட இன்னொரு நான்கு மாதம் இனி வரப்போவதில்லை.

துடைத்து வைத்தால் மட்டும் போதாது என்று தோன்றியது. அந்த விளையாட்டை நாங்கள் சரியாகக் கேட்டதே கிடையாது. பல்லாவரத்தில் கடை வைத்திருந்த அப்பா, எங்களுக்கு அத்தா, மதியச் சாப்பாட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் படுப்பார். பள்ளி விடுமுறைகளில் எங்களுக்கு டிவி கிடைப்பது அந்த ஒரு மணி நேரம்தான். சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்துத்தான் ஆடுவோம். சத்தமெல்லாம் அக்காவின் வாயிலிருந்து வரும். எஞ்சின், பிரேக், டயர் தேய்வது, மூன்றாவது சுற்றில் கொட்டும் மழை. எல்லாவற்றையும் பல்லிடுக்கில் மெல்லிசாகப் போடுவாள். நான் இடித்தால் கண்ணாடி உடையும் சத்தம் தனியாக, ரசித்துப் போடுவாள்.

பழைய பெட்டி, சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் வாங்கிய புதுப் பெட்டி, டிவி மூன்றையும், சத்தத்தை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் ஒரே ரிசீவரில் சேர்க்க வேண்டும். சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், இடி இடிக்க ஒரு ஊஃபர். நடுவில் அக்கா. தாம்பரம் பஸ்ஸில் ஏறி உட்காருவதற்குள் மனத்தில் கம்பிகளை இழுத்து முடித்திருந்தேன்.

ரிசீவர் சேலையூரில் கிடைத்தது. பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டுக்குக் குடிபெயரும் ஒருவர் விற்றார். "எல்லா போர்ட்டும் வேலை செய்யுமா சார்?" என்றேன்.

"தெரியலப்பா. நான் இதுல நியூஸ் மட்டும்தான் கேட்டேன்."

ஐந்து ஸ்பீக்கரில் செய்தி கேட்ட மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பெட்டியை ஆட்டோவில் ஏற்ற டிரைவர் ஒரு கை கொடுத்தார்.

"இன்னா தம்பி, இவ்ளோ வெயிட்டு கீது? வாஷிங் மெஷினா?"

"இல்லண்ணா, ரேடியோ மாதிரி."

"ரேடியோ கேக்கறதுக்கா இத்த தூக்கிகினு போற? போன்லயே வருதேப்பா."

பொழிச்சலூரில் எங்கள் வீட்டு ஹாலில் இறக்கியதும் அத்தா சுற்றி வந்து பார்த்தார். "கல்யாண மண்டபம் எதுவும் எடுத்திருக்கியா?" என்றார். ஆனால் முதல் ஸ்பீக்கருக்குச் சுவரில் ஆணி அடிக்கும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் வாரம் முழுக்கத் தோல்விதான். புதுப் பெட்டிக்கு ஒரே ஒரு கம்பி, ரிசீவரில் செருகினால் முடிந்தது. டிவியின் சத்தம் ரிசீவருக்குத் திரும்பி வர வேண்டுமே, அது வரவில்லை. டிவியின் முதுகில் பார்ப்பதற்கு ஒரே மாதிரி மூன்று துளைகள். மூன்றில் ஒன்று மட்டும்தான் சத்தத்தைத் திருப்பி அனுப்பும் என்பதும், அது எது என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பாழான பிறகு டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பழைய பெட்டி இன்னும் படுத்தியது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனைகள். மூன்றையும் ரிசீவரில் செருகினால் சத்தம் மட்டும் வந்தது. டிவி கறுப்பாகவே இருந்தது. மஞ்சளில் வரும் படத்தை, டிவிக்குப் போகும் புது வகைக் கம்பி வழியாக அனுப்ப அந்த ரிசீவருக்குத் தெரியாது. கடைசியில் பிரித்துவிட்டேன். மஞ்சள் நேராக டிவிக்கு, சிவப்பும் வெள்ளையும் ரிசீவருக்கு. படம் ஒரு வழி, சத்தம் ஒரு வழி. அதற்கும் விலை இருந்தது. டயர் கிறீச்சிட்ட பிறகுதான் திரையில் கார் திரும்பியது. டிவியின் உள்மெனுவில் விளையாட்டுக்கென்று இருந்த ஒரு தேர்வைப் போட்டதும் இரண்டும் ஒன்றாயின. அப்போது ஹாலில் யாருமில்லை. அக்கா மட்டும் இருந்திருந்தால் முதுகில் ஓர் அடி விழுந்திருக்கும். அவள் பாராட்டும் விதம் அது.

அடுத்தது மைக். ரிசீவரோடு கட்டைவிரல் அளவில் ஒன்று வரும். கேட்பவரின் காது எங்கே இருக்குமோ அங்கே அதை வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் முறை வைத்துக் கூவும். மைக் அதைக் கேட்டு, எது எவ்வளவு தூரம், எதற்கு எவ்வளவு பலம் என்று தானே முடிவு செய்துகொள்ளும். ஆறு நிமிட வேலை. அறை மட்டும் நிசப்தமாக இருக்க வேண்டும்.

பொழிச்சலூரில் ஆறு நிமிட நிசப்தம். மின்விசிறியை நிறுத்தினேன், ஃப்ரிட்ஜை நிறுத்தினேன். குக்கரை இறக்கும்படி அம்மாவிடம் கெஞ்சினேன். மூன்றாவது ஸ்பீக்கர் கூவும்போது பக்கத்து ஏர்போர்ட்டில் இறங்க ஒரு விமானம் வீட்டுக்கு மேலே தாழப் பறந்தது. வெளிச்சத்தம் அதிகம், மறுபடி முயலவும் என்று திரையில் எழுத்து வந்தது. மறுபடி முயன்றேன். மறுபடி விமானம். பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற சத்தம், அதுவரை என் காதில் விழுந்ததே இல்லை. விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் செயலியைப் போனில் ஏற்றி, மதிய நேரங்களில் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"யாரைக் கூட்டிட்டு வர ஏர்போர்ட் போறே?" என்று அம்மா கேட்டாள்.

"யாரையும் இல்லம்மா. ஆறு நிமிஷம் எவனும் வராம இருக்கணும்."

"கிறுக்கு முத்திடுச்சு" என்று சொல்லிவிட்டு, அவளாகவே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

ஒரு சனிக்கிழமை இடைவெளி கிடைத்தது. மைக்கை எங்கே வைப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. திவானை ஒட்டி, தரையில், அக்கா முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொள்ளும் அதே இடம். புத்தகங்களை அடுக்கி, அவள் காது வரும் உயரத்துக்கு மைக்கை நிறுத்தினேன். ஐந்து ஸ்பீக்கரும் கூவி முடித்தன. சரி என்று எழுத்து வந்தது. அந்த இடத்தில் நானே உட்கார்ந்து மூன்றாவது சுற்றுவரை ஓட்டினேன். மழை உண்மையாகவே தலையைச் சுற்றிப் பெய்தது. பக்கத்தில் இடம் காலியாக இருந்தது.

ஏழாம் மாதம் மச்சான் கொண்டுவந்து விட்டார். அக்கா உள்ளே வந்ததும் சுவர்களைப் பார்த்தாள். ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். "டேய்" என்று மட்டும் சொன்னாள். பிறகு வழக்கமான இடத்துக்குப் போய்த் தரையில் உட்காரப் பார்த்தாள். திவானைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்தாள். முடியவில்லை. நிமிர்ந்து சிரித்தாள்.

"உள்ள ஒருத்தர் இடம் கொடுக்க மாட்டேங்கறாங்க."

நாற்காலி போட்டேன். பத்து நிமிடத்தில் இடுப்பு வலித்தது. படுக்கும்போது இடது பக்கமாகத்தான் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். திவானில் படுத்தாள். எங்கள் திவான் வடக்குச் சுவரை ஒட்டிக் கிடக்கும், தலைமாடு மேற்கே. டிவி எதிரே தெற்குச் சுவரில். இடது பக்கமாகப் படுத்த அக்காவின் முகம் வெறும் சுவரைப் பார்த்திருந்தது. இரண்டு மாத உழைப்பும் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"நீ ஓட்டுடா. நான் கேக்கறேன்" என்றாள்.

பழைய பெட்டியைப் போட்டேன். கார் கிளம்பியதும் ஊஃபர் ஓர் உறுமு உறுமியது. சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்தாள். "வயித்துல இருக்கிற புள்ள தூக்கிவாரிப் போடாது? எடு அதை." நான் எடுப்பதற்குள் அவளே பிடுங்கிவிட்டாள். அன்றிலிருந்து அந்த ப்ளக்கில் அயர்ன் பாக்ஸ்தான்.

இடி இல்லாமல் ஓட்டினேன். அக்கா சுவரைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு வந்தாள். "இப்ப பாலம்... லேட்டா பிடிச்சே பிரேக்கை. இடது, இடது. இடிச்சியா? இடிச்சுட்டான்." ஒரு வளைவுகூட அவளுக்கு மறக்கவில்லை. மூன்றாவது சுற்றில் மழை வந்தது.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நான் போட்ட மழை இதைவிட நல்லா இருந்துச்சுடா."

"அது எச்சில்."

"சொந்த எச்சில். செகண்ட் ஹேண்ட் இல்ல."

சிரித்தோம். இரண்டாவது கண்ட்ரோலர் என் பக்கத்தில் தரையில் கிடந்தது. அடுத்த ஆட்டம் தொடங்கியபோது பாலம் வந்தும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். தூங்கியிருந்தாள். அவள் காது எங்கே இருக்கும் என்று அளந்து வைத்தவன் நான்தான். நான் அளந்தது கல்யாணத்துக்கு முந்தின அக்காவுக்கு. சத்தத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, படம் மட்டும் ஓடத் தனியாக அந்தச் சுற்றை முடித்தேன். வாயால் மழை போட்டுப் பார்த்தேன். எனக்கு வரவில்லை.

தலைமாட்டை மாற்றிவிடலாமே என்று மறுநாள் சொன்னேன். கிழக்கே தலை வைத்து இடது பக்கமாகப் படுத்தால் டிவி நேர் எதிரே இருக்கும். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கிப்லா பக்கம் காலை நீட்டச் சொல்றியா? அதுவும் இந்த நேரத்துல?" தொழும் திசையான மேற்கே கால் நீட்டுவது எங்கள் வீட்டில் நடக்காது, பேச்சு அதோடு முடிந்தது. அதில் எனக்கும் வாதாட மனமில்லை.

"விடுடா, அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள் அக்கா. அந்த அப்பறம் எப்படி இருக்கும் என்று இருவருக்கும் தெரியும். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, விரல்நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு ரேஸாவது ஓட்டணும்னு இருக்குடா. வலி வர்றதுக்கு முன்னாடி" என்றாள்.

அதனால் அறையைத் திருப்பப் போகிறேன். திவான் தெற்குச் சுவருக்கு, டிவி வடக்குச் சுவருக்கு. இடது பக்கமாகப் படுத்தாலும் டிவி எதிரே வரும்; தலைமாடு மேற்கேயே இருக்கும், அம்மாவுக்கு ஆட்சேபம் இல்லை. மச்சானுக்குப் போன் செய்தேன். "மச்சான், நாளைக்குக் காலையில வர முடியுமா? திவானைத் தூக்கணும்." "அவ ஏற்கெனவே சொல்லிட்டாடா. அளக்க டேப் எடுத்துட்டு வரணுமாம்" என்றார்.

வடக்குச் சுவரில் ப்ளக் கிடையாது. சமையலறையிலிருந்து நீளமாக எக்ஸ்டென்ஷன் இழுக்க வேண்டும். ஐந்து ஸ்பீக்கரையும் இடம் மாற்ற வேண்டும். மைக்கைத் தலையணையில் வைத்து அளக்க வேண்டும், மேலே நோக்கியிருக்கும் வலது காதின் உயரத்தில். அதற்கு எத்தனை விமானங்களைக் காத்திருந்து அனுப்ப வேண்டியிருக்குமோ. அதெல்லாம் பிறகு. பழைய பெட்டியின் கண்ட்ரோலர் கம்பி இரண்டு மீட்டர்கூட இருக்காது. பெட்டியை ஸ்டூலில் ஏற்றி ஹாலின் நடுவே வைத்தால் கம்பி தலையணைவரை எட்டுமா என்று தெரியவில்லை. நாளைக்கு முதல் வேலையாக அதை நீட்டிப் பார்க்க வேண்டும்.