அலாரத்தின் வலது பட்டன்

என் அண்ணனுக்குத் தராசு பழுதுபார்க்கும் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உள்ளங்கையளவு கணினி ஒன்றோடு உட்கார்ந்துவிடுவான். அதற்கான மென்பொருளை அண்ணனும் முகம் தெரியாத பலரும் சேர்ந்து, சம்பளம் வாங்காமல் எழுதுகிறார்கள். நாட்காட்டியில் 'சரி' பட்டன் வலது பக்கம் இருக்கும். முகவரிப் புத்தகத்தில் இடது பக்கம்.

"ஆளாளுக்கு நாட்டாமை பண்ணி வெச்சிருக்காங்க" என்று அண்ணன் பொருமுவான்.

வேலையை முடிக்கிற பட்டன் எதிலும் வலது பக்கம்தான் என்று எல்லோரிடமும் மல்லுக்கட்டி மாற்றவைத்தான். கை இன்னும் பழைய இடத்துக்கே போகிறது என்று ஒருவர் புலம்பி எழுதியிருந்தார். அண்ணன் ஒற்றை வார்த்தையில் பதில் போட்டான்: "பழகிடும்."

எனக்குச் சுருக்கென்றது. இதமாக இன்னும் இரண்டு வார்த்தை எழுதினால் விரல் தேய்ந்தா போய்விடும்?

கடைசியாக மிச்சமிருந்தது அலாரம். அது அண்ணனே எழுதியது. அதில் 'நிறுத்து' இடது பக்கமும் 'இன்னும் கொஞ்ச நேரம்' வலது பக்கமும் இருந்தன. சட்டம் போட்டவன் தப்ப முடியுமா? அவற்றையும் இடம் மாற்றிவிட்டுப் படுத்தான்.

காலையில் அலாரம் அடித்தது. இன்னும் கொஞ்சம் தூங்கலாம் என்று, கண்ணைத் திறக்காமலே வழக்கம்போல வலது பக்கம் தட்டினான். அலாரம் ஒரேயடியாக நின்றுவிட்டது.

வெயில் முகத்தில் சுட்டபோதுதான் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தான்.

"ஏண்டி எழுப்பல? கை பழைய இடத்துக்கே போயிடுச்சுடி!"

செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடியவனிடம் வாசலில் நின்று சொன்னேன்:

"பழகிடும்ண்ணா."