மாமா ஊதிய வேறு ஏணி

என் தம்பியின் சுன்னத்துக் கலியாணத்தைக் கெடுத்தவர் எங்கள் மாமா என்று கல்முனைக்குடியில் ஒருநாள் முழுக்கப் பேசினார்கள். மாமா உம்மாவுக்கு இளையவர். திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கப்பல்காரர்களுக்குச் சமைத்துப் போட்டு, அவர்களில் ஒருவரிடம் கிளாரினெட்டும் ஜாஸும் படித்துக்கொண்டு லீவில் வந்திருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

காலையில் எங்கள் முற்றத்தில் களிகம்பு ஆடினார்கள். பன்னிரண்டு பேர் வட்டமாகச் சுற்றிக் கம்போடு கம்பு அடிக்க, அவர்களைப் பழக்கிய அண்ணாவியார் நடுவில் நின்று பாடினார். மாமா பக்கத்தில் நின்று அதே மெட்டை ஊதினார். சனங்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் மாமாவுக்குத் தைரியம் கூடிவிட்டது. மெட்டை விட்டு விலகி, எங்கள் ஊர் கேட்டேயிராத சுரங்களில் ஏறத் தொடங்கினார். பாட்டு நின்றது. ஆட்டக்காரர்கள் தடுமாறினார்கள். ஒருவரின் கம்பு அடுத்தவரின் விரலில் விழுந்தது.

"என்ன தம்பி இது? பிழையா ஊதுறாய்," என்றார் அண்ணாவியார்.

"பிழை இல்ல காக்கா. இது வேற ஏணி," என்று மூத்த அண்ணனிடம் சொல்வதுபோல் சொன்னார் மாமா.

வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். நாளைக்கு முதல் பஸ்ஸில் போகிறேன் என்று மாமா சொன்னபோது உம்மா மறிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு அண்ணாவியார் தனியாக எங்கள் படலையைத் திறப்பதைக் கண்டேன். கிளாரினெட்டைப் பறிக்கத்தான் வருகிறார் என்று முடிவுகட்டி, அதைத் தூக்கிப்போய்த் தவிட்டுச் சாக்குக்குள் புதைத்தேன்.

"காலையில ஊதின இடத்த இன்னொருக்கா ஊது மனே," என்றார் அவர்.

மாமா பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. வீடே தேடியது. கடைசியில் என் அழுகைதான் இடத்தைக் காட்டிக்கொடுத்தது. மாமா ஊதிய முதல் ஊதலில் தவிடு பறந்து அண்ணாவியாரின் தாடியில் படிந்தது. அவர் அதைத் தட்டிவிட்டு, "ம், ஊது," என்றார்.

"நம்மட பாட்டுல சில படி அகலம், சில படி நெருக்கம். அதால வீடு எதெண்டு காதுக்குத் தெரியும்," என்றார் மாமா. "இதுல எல்லாப் படியும் ஒரே அகலம். எங்க நிண்டாலும் இன்னும் வீடு வராத மாதிரியே இருக்கும்."

அண்ணாவியார் கண்ணை மூடித் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். "அப்ப அந்த இடத்தில நாங்க அடியாம நிப்பம். நீ மெட்டுக்குத் திரும்பின உடனே மறுகா அடிப்பம்."

மாமா பஸ் ஏறவில்லை. அடுத்த கிழமை மருதமுனையில் ஒரு கலியாணம். மாமா ஏணியில் ஏற, கம்புகள் எல்லாம் அந்தரத்தில் அசையாமல் நின்றன. சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மெட்டு திரும்பியதும் ஒரே அடி. பந்தலே கத்தியது.

அண்ணாவியார் மாமாவை மன்னித்துவிட்டார் என்று நான் தோழிகளிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஊர் முன்னால் பிழை என்று சொன்ன ஒரு மனிதர், அன்று பின்னேரமே வந்து இன்னொருக்கா ஊது என்று கேட்க எவ்வளவு தூரம் நடந்திருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் வீடு மூன்று வேலி தள்ளித்தான் இருந்தது.