குடிக்காதவரின் கல்லீரல்

என் கணவர் குடிக்க மாட்டார். எங்கள் பக்கத்தில் இதை யாரிடம் சொன்னாலும் ஒரு நக்கல் சிரிப்புதான் வரும். கண்ணெல்லாம் மஞ்சளாகி, வாந்தி நிற்காமல் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த காலையில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை வருஷமா குடிக்கிறாரு?" என்பதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "பத்து வருஷமா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏன் அப்படிச் சொன்னார் என்பதும் உடனே புரிந்தது. அவருக்குத் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. தண்ணீர் பிடித்து வைக்க அங்கிருந்து ஒரு நீல டிரம்மை யாரையும் கேட்காமல் கொண்டு வந்திருந்தார். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அப்படி வந்த டிரம்தான் நிற்கிறது. அதன் அடியில் ஏதோ சால்வென்ட் கெமிக்கல் மிச்சம் இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு இரண்டு நாள் முன்னால், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தலையை டிரம்முக்குள் விட்டு, அரைநாள் தேய்த்துக் கழுவினார். யார் கண்ணிலும் படக்கூடாதாம். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்.

அன்று முழுக்க நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். குடியைப் பற்றி டாக்டரம்மா சொன்ன புத்திமதிக்கெல்லாம் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

மறுநாள் காலை அவர், "இன்னாடி, இன்னிக்கு வெள்ளிக்கெழமையா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார். நினைவு தப்புகிறதோ என்று பயம் தாங்கவில்லை. ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் டிரம் கதையைக் கொட்டிவிட்டேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. வேறு மருந்து எழுதிவிட்டுச் சொன்னார்: "கெமிக்கல் ஈரல்ல கொஞ்சம் செல்லைக் கொன்னுருக்கும். பொழைச்ச செல்லுங்களும் தத்தளிச்சிக்கிட்டு இருக்கும். அப்போ உடம்போட எதிர்ப்பு அணுக்கள் அங்க வந்து கூடும். செத்ததை வாரிப் போட்டுட்டு அடங்கிட்டா, மிச்சம் தேறிக்கும். அடங்காம ஆடினா, நல்ல செல்லும் சேர்ந்து போயிடும். ரெண்டையும் பண்றது அதே அணுக்கள்தாம்மா."

"அடங்குமா டாக்டர்?"

"நாளைக்கு ரத்தம் பார்த்தாதான் தெரியும்."

சாவு வீட்டுக்கு ஒத்தாசையாக வந்து, அங்கேயே அடிதடியில் இறங்கும் சொந்தக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். இவருக்குள்ளும் இப்போது அப்படி ஒரு கூட்டம்தான் நிற்கிறது.

அடுத்த நாள் ரத்த அளவுகள் இறங்கியிருந்தன. "அடங்குது" என்றார் டாக்டரம்மா. என் கணவருக்கும் நினைவு தெளிந்திருந்தது. டிரம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன் என்று அவரிடம் சொல்லி, வசவுக்குக் காத்திருந்தேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. "சேத்த அன்னிக்கே நீ சொல்லிடுவேன்னு பாத்துக்கினே இருந்தேன்டி" என்றார்.