எங்களை மறித்து, எங்களோடு நின்ற றெஜினா அக்கா

அன்ரன் அண்ணை காலையில் ஒருநாளும் என்னைக் கூப்பிடுவதில்லை. அந்த நேரம் அவர் ஊர்காவற்றுறைக்கும் எழுவைதீவுக்கும் நடுவில் படகு ஓட்டிக்கொண்டிருப்பார். அன்று ஆய்வுகூடத்தில் கையுறையைக் கழற்றிவிட்டுத் தொலைபேசியை எடுத்தபோது அவர் குரலுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் இல்லை.

"பிள்ளை, றெஜினா அக்கா விடியப்புறம் மோசம் போயிட்டா. நெஞ்சு நோகுதெண்டு சொன்னவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுது. உங்கட ஆக்களுக்கும் சொல்லிவிடும்."

எங்கட ஆக்கள் என்று அவர் சொன்னது, பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நாங்கள் சேர்ந்து செய்த செயற்கை உயிரியல் ஆய்வுக் குழுவை. இப்போது மற்றவர்கள் ஒவ்வொரு நாட்டில்; நான் மட்டும் இங்கே யாழ்ப்பாணத்தில். எல்லாருக்கும் சொன்னேன். குழுத் தலைவனாக இருந்த நிரோஷன், "அவவுக்கு நாங்கள் ஒழுங்கா நன்றி சொன்னனாங்களோ?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். படகு தந்தவர்கள், மண்டபம் திறந்துவிட்டவர்கள், தங்கள் கிணற்றில் வாளி போட விட்டவர்கள் என்று எங்களுக்கு உதவிய எல்லாருக்குமான நன்றியும் இதற்குள் இருக்கிறது. ஆனால் றெஜினா அக்காவைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எழுவைதீவு மாதர் சங்கத்துக்கு அப்போது அவர்தான் தலைவி. கருவாடு வியாபாரம் செய்தார். மெலிந்த உடம்பு, பெரிய குரல். கிணற்று நீரில் நைத்திரேற்று இருந்தால் நிறம் மாறிக் காட்டும் பற்றீரியாவை உருவாக்குவதுதான் எங்கள் திட்டம். மலக்குழியிலிருந்தும் உரத்திலிருந்தும் நிலத்துக்குள் இறங்கும் அந்தப் பொருளுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. இதையெல்லாம் விளக்கத்தான் தீவுக்குப் போனோம். ஆனால் எங்களுக்கு முன்னமே கதை போய்ச் சேர்ந்திருந்தது. கம்பஸ் பிள்ளைகள் கிணறுகளுக்குள் கிருமி போட வருகிறார்கள் என்ற கதை.

மண்டபம் நிறைய ஆட்கள். நிரோஷன் படங்கள் காட்டி, இந்தப் பற்றீரியா ஒன்றும் செய்யாது என்று விளக்கிக்கொண்டிருந்தான். றெஜினா அக்கா எழுந்தார்.

"தம்பி, ஒண்டும் செய்யாதெண்டு நூற்றுக்கு நூறு சொல்லுவீரோ?"

நிரோஷன் என்னைப் பார்த்தான். "அப்படிச் சொல்ல ஏலாது அக்கா," என்றேன் நான். "ஆபத்து மிகமிகக் குறைவெண்டுதான் சொல்லலாம்."

மண்டபம் சலசலத்தது. எங்கள் திட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது என்று நினைத்தேன். அவர் கையை உயர்த்திச் சத்தத்தை அடக்கினார்.

"இந்தப் பிள்ளை உண்மை கதைக்குது. அப்ப நானும் உண்மையைச் சொல்லுறன். எங்களுக்கு எங்கட தண்ணியைப் பற்றித் தெரியவேணும். ஆனா உயிரோட ஒண்டும் இந்தத் தீவுக்கு வரக்கூடாது. ஓமெண்டா வாங்கோ. ஏலாதெண்டா அன்ரன்ர போட் நிக்குது."

திரும்பும் வழியில் எங்களுக்குக் கோபம்தான். உயிருள்ள பற்றீரியா இல்லாமல் எப்படி? ஆனால் வழி ஒன்று இருந்தது. எங்கள் பேராசிரியர் தொடக்கத்திலேயே சொன்னது. கடினம் என்று நாங்கள் தள்ளிவைத்தது. பற்றீரியாவை உடைத்து, உள்ளே இருக்கும் பொறிமுறையை மட்டும் பிரித்தெடுத்து, ஒரு சிறிய கடதாசித் துண்டில் உலர்த்துவது. உயிர் இராது. ஒரு துளி நீர் பட்டால் வேலை செய்யும்; நைத்திரேற்று இருந்தால் வெள்ளைக் கடதாசி ஊதாவாகும். ஒரு வருடத்தின் பெரும் பகுதி அதிலேயே கழிந்தது. அதுவரை றெஜினா அக்கா சும்மா இருக்கவில்லை. கடதாசியைப் பரீட்சிக்க வீடுவீடாகப் பெயர் எழுதாத போத்தல்களில் நீர் சேர்த்து, அன்ரன் அண்ணையின் படகில் ஏற்றி எங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

முதல் கடதாசிகளைத் தீவுக்குக் கொண்டுபோன நாள் எங்களுக்குப் பெரும் வெட்கம். தோய்த்த எல்லாக் கடதாசியும் ஊதாவாகிவிட்டது. தாங்கியில் பிடித்த, நைத்திரேற்று இல்லாத மழைநீரில் தோய்த்ததும் ஊதா. உப்புக் காற்றின் ஈரம் கடதாசிகளைக் கெடுத்திருந்தது. அக்கா ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மழைத் தண்ணிக்கும் நிறம் மாறுதெண்டா, வியாதி தண்ணிக்கில்லை, உங்கட கடுதாசிக்குத்தான்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். பிறகு தன் வீட்டுக் குசினிக்குள் கூட்டிப்போய்ச் சோறும் மீன் குழம்பும் தந்து, "திருத்திக்கொண்டு வாங்கோ," என்று அனுப்பினார்.

திருத்திக்கொண்டு போனோம். ஒவ்வொரு கடதாசியையும் காற்றுப் புகாத உறையில் அடைத்திருந்தோம். முதலில் தன் கிணற்றில்தான் பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அந்தக் கிணறு அவருடைய பெருமை. உவர் இல்லாத நீர்; அயலில் பாதிப்பேர் குடிக்க அள்ளுவது அங்கேதான். பிள்ளை பெற்ற வீடுகளுக்கு அவரே குடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார். மழைநீரில் தோய்த்த கடதாசி இம்முறை வெள்ளையாகவே இருந்தது. கிணற்று நீரில் தோய்த்தது மெல்ல மெல்ல ஊதாவானது. மாதிரியை யாழ்ப்பாணம் கொண்டுவந்து வழமையான இரசாயன முறையிலும் பார்த்தோம். அதே முடிவு.

திரும்பிப் போய் அவரிடம் தனியாகச் சொன்னோம். அவர் பெயரை வெளியில் சொல்ல மாட்டோம் என்றும் சொன்னோம். அவர் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தத் தண்ணியைத்தான் நான் பிள்ளையளுக்குக் குடுத்தனான்," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"உங்களுக்குத் தெரியாதுதானே அக்கா."

"இப்ப தெரியும்தானே."

அடுத்த ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து சனங்கள் வெளியே வந்ததும், அவர் எல்லாரையும் மறித்துச் சொன்னார். "என்ர கிணத்துத் தண்ணி பழுது. கைப்பிள்ளையளுக்கு இனி அள்ளக்கூடாது. என்ர கிணத்தை மறைச்சுப்போட்டு மற்றாக்களின்ர கிணத்தைப் பற்றி நான் வாய் திறக்கேலாது." எங்களைத் திட்ட வந்த அவருடைய சொந்தக்காரர் ஒருவரையும் அவரே அடக்கினார். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் எங்களுக்குக் கதவு சாத்தப்படவில்லை. நல்ல நீர் என்று தெரிந்த கிணறு ஒன்றைச் சுத்தப்படுத்திக் குடிநீருக்கென்று ஒதுக்கினார்கள். பலர் கூரையிலிருந்து மழைநீர் பிடிக்கத் தொடங்கினார்கள். தன் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்த மலக்குழியை மூடுவித்து, தூரத்தில் வேறு கட்டுவித்தார் அக்கா.

எங்கள் ஆய்வு வெளிநாட்டில் ஒரு மாணவர் மாநாட்டில் பாராட்டுப் பெற்றது. திரும்பி வந்ததும் எழுவைதீவில் நன்றி கூறும் கூட்டம் வைத்தோம். நிரோஷன் உருக்கமாகப் பேசினான். அக்கா முன்வரிசையில் இருந்தபடியே கேட்டார்.

"தம்பி, நீங்கள் நன்றி சொல்ல வந்தனீங்களோ, இல்லாட்டி போட்டுவாறம் எண்டு சொல்ல வந்தனீங்களோ?"

உண்மையில் நாங்கள் விடைபெறத்தான் போயிருந்தோம். அந்தக் கேள்விக்குப் பிறகு அது முடியவில்லை. அந்தப் பயணம் இன்றுவரை நிற்கவில்லை. மழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வருடமும் ஒரு மாணவர் குழு போகிறது. இப்போது நான் கூட்டிப்போகிறேன். அக்காவின் கிணற்று நீரில் கடதாசி வருடத்துக்கு வருடம் வெளிறிக்கொண்டு வருகிறது. கடைசியாகப் பார்த்தபோது மிக மெல்லிய ஊதா. "அடுத்த மாரிக்கு வெள்ளையாகும், பாரும்," என்றார். ஆகும் என்றுதான் நானும் நம்புகிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: கசப்பான முடிவை அந்த வீட்டு முற்றத்தில் நின்றே சொல்வது, சொன்னபின் கேள்விகள் தீரும்வரை அங்கேயே இருப்பது. அக்காவை அடக்கம் செய்ததற்குப் பிந்திய பயணத்தில், எங்கள் புது மாணவி ஒருத்தி ஒரு இளம் தாயிடம் கிணறு பழுது என்று சொல்ல வேண்டி வந்தது. சொல்லி முடித்ததும் அவள் என் முகத்தையோ நேரத்தையோ பார்க்கவில்லை. ஒரு கதிரை கேட்டு வாங்கி, அந்தத் தாய்க்குப் பக்கத்தில் போட்டு அமர்ந்தாள். நான் இறங்குதுறைக்கு நடந்துபோய், படகை எடுக்காமல் கொஞ்சம் பொறுக்கும்படி அன்ரன் அண்ணையிடம் சொன்னேன்.